ஒரு மணி பத்து நிமிடம்

தினமும் எவ்வளவு நேரம் போடுகிறீர்கள் என்று
கன்னடத்தில் கேட்டார் ஸ்பூர்த்தி மேடம்.
ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ., மூன்றாம் நம்பர் அறை.
காலையிலிருந்து ராத்திரி வரைக்கும், என்றேன்.
கருவியைக் கழற்றி வயரில் மாட்டினார்.
திரையை என் பக்கம் திருப்பினார்:
ஒரு மணி பத்து நிமிடம்.

காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு
அது கணக்கெழுதும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
பீன்யாவில் இருபத்தாறு வருஷம்
கார்டு பஞ்ச் பண்ணியவன் நான்.
ஓவர்டைமில் கால்மணி கால்மணியாகக் கடித்த முதலாளிகூட
என்னை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

நூறு டன் பவர் பிரஸ்.
நிமிடத்துக்கு நாற்பது அடி.
மெஷின் துடைக்கிற வேஸ்ட் பஞ்சைக்
காதில் திணித்துக்கொள்வோம்.
எந்த அடியில் போனது என்று தெரியாது.
முதலில் போனது ‘ச’ தான்.
சாவி எங்கே என்றால்
ஆவி எங்கே என்று கேட்டது.
வீட்டில் சிரித்தார்கள்.
பிறகு சிரிப்பதும் கேட்கவில்லை.

கருவி மாட்டிய அன்று
படி இறங்கும்போதே நின்றுவிட்டேன்.
யாரோ பின்னால் வருகிறார்கள்.
என் செருப்பு.
பஸ் பிரேக் போட்டபோது
தகட்டில் ஆணியை இழுத்த மாதிரி
பல் கூசியது.
அப்பளம் கடித்தால் மண்டைக்குள் ஷீட் கிழிந்தது.
பேசினால், குடத்துக்குள் எவனோ ஒருவன்
எனக்கு முன்னால் பேசினான்.
மூளை மறந்துவிட்டது,
கொஞ்சம் கொஞ்சமாய்ப் பழக்குங்கள் என்றார் மேடம்.
பழக்கினேன். பொய் இல்லை.
ஆனால் அந்த ஒரு மணி பத்து நிமிடம்
வேறு கதை.

ரெஜினா என்னிடம் கத்துவது நாலு வார்த்தை.
சாப்பாடு. மாத்திரை. பூட்டு. கேஸ்காரன்.
மீதியையெல்லாம் அடுப்பிடம் சொல்கிறாள்.
எத்தனை வருஷமாய் என்று தெரியவில்லை.
மூன்றாம் நாள் காலை
ஹாலில் பேப்பரை விரித்து வைத்திருந்தேன்.
உள்ளே ஒரு பெண்,
தணிந்த, கொஞ்சம் கரகரத்த குரலில்
முட்டிவலியைப் பற்றி,
சீட்டுப் பணத்தைக் கட்டாத மாடிவீட்டுக்காரியைப் பற்றி,
கேட்டவருக்கே சிரிப்பு வருகிற மாதிரி
சொல்லிக்கொண்டிருந்தாள்.
நல்லவேளை, பேப்பர் முகத்தை மறைத்தது.
அப்புறம் சொன்னாள்:
“டேய் சூசை, உனக்கு என்னடா தெரியும்.”

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம்.
ரேஷன் கார்டில் எழுதக்கூட
என் பெயரைப் பையனை விட்டுச் சொல்லச் சொன்னவள்.
‘சூ’ முழுசாக வந்து விழுந்தது.
‘சை’யும்.

அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது மாதிரிதான்.
தெரியும்.
சமையல் முடிந்ததும் கழற்றிப்
பெட்டியில் வைத்துவிடுகிறேன்.
பெட்டிக்குள்ளேயே கிடக்குது, தண்டச் செலவு என்று
அதையும் அடுப்பிடம்தான் சொன்னாள்.

எட்டு மணி நேரமாவது போடணும் என்று
சத்தத்தை இரண்டு புள்ளி ஏற்றினார் மேடம்.
வீட்டில் யாராவது
உங்களோடு உட்கார்ந்து பேசணும்.
வெளி பெஞ்சில் இருந்தவளைக் கூப்பிட்டு
அவளுக்கும் அதையே சொன்னார்.
ரெஜினா தலையாட்டினாள்.

ஸ்ரீராமபுரம் பஸ்ஸில்
“ஸ்டாப் வருது, எந்திரி!” என்றாள்.
கண்டக்டர் திரும்பினார்.
முன் சீட்டுக் குழந்தை அழுதது.
மெதுவா, என்றேன்.
அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
“மெதுவாப் பேசறதெல்லாம்
மறந்தே போச்சு எனக்கு!”
அதையும் கத்தினாள்.

இன்று காலை
பேட்டரியின் ஆரஞ்சு ஸ்டிக்கரை உரித்துக்
காலண்டர் ஓரத்தில் ஒட்டினேன்.
ஐந்தாவது.
உள்ளே தாளிப்பு பொரிந்தது.
மழை என்று ஒரு கணம் நினைத்தேன்.
“டேய் சூசை” என்று தொடங்கினாள்.
பதில் வாய்வரை வந்துவிட்டது.
குக்கர் விசில் எழுந்தது.
அது அடங்கட்டும் என்று
பேப்பரை மடித்து வைத்தேன்.